விடுபட்ட நாள்களும் அணை நீர்மட்டமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்தே நாற்று விடும் டெல்டா விவசாயிகளுள் நானும் ஒருவன். சில தேதிகளை மட்டும் வடிகட்டித் தரும் அட்டவணைகளில், எடுத்துக்காட்டாக, திங்கட்கிழமை 98 அடி, அடுத்த வரியில் வியாழக்கிழமை 101 அடி என்றிருந்தால், மூன்று நாள்களில் ஏறிய 3 அடியை ஒரே நாள் உயர்வாகக் காட்டுவது, நடவுக்கு நாள் குறிப்பவரை ஏமாற்றிவிடும். வித்தியாசத்தை முழுப் பதிவிலிருந்து கணக்கிட்ட பிறகே தேதிகளை வடிகட்ட வேண்டும்; எந்தத் தேதியோடு ஒப்பிடப்பட்டது என்பதையும் அச்சிட வேண்டும். முழு நீர்மட்டம் 120 அடியும் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.யும் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) உடைய அவ்வணையில், மேலே செல்லச் செல்ல நீர்ப்பரப்பு விரிவதால், மேல்மட்டத்தில் ஏறும் ஓர் அடி, அடிமட்டத்தில் ஏறும் ஓர் அடியைவிட மிகுதியான நீரைக் குறிக்கும், ஆகவே டி.எம்.சி. வித்தியாசத்தையும் சேர்த்து வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
தஞ்சாவூர் மாவட்டம்.