முட்டுகிற கன்றுக்குப் புட்டிப்பால் கொடுக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

கன்று ஈன்ற மறுநாளே தாய்ப்பசு இறந்துபோனதையும், அதன் காளைக்கன்று புட்டியைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொண்டு முரண்டு பிடிப்பதையும் நீ சொன்னதிலிருந்து என் நினைவெல்லாம் நெல்லிக்குப்பத்திலேயே இருக்கிறது. சீம்பாலை முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே புகட்டிவிட்டாய் என்று கேட்டதும் பாதிக் கவலை தீர்ந்தது. நோய் எதிர்ப்புச் சக்தி கன்றுக்குச் சீம்பாலின் வழியாகத்தான் வருகிறது, முதல் நாள் கழிந்தபின் குடல் அதை உள்வாங்காது.

உன் மாமனார் சொல்கிறபடி மூங்கில் குழாயால் பாலை ஊற்ற மட்டும் இடம் கொடுக்காதே. மாடுகளுக்கு மருந்து புகட்டிப் பழகிய கை அவருடையது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கன்று தானாகச் சப்பும்போதுதான் உணவுக்குழாயின் முடிவில் உள்ள பள்ளம் மூடிக்கொண்டு, பாலை முதல் வயிற்றில் விழவிடாமல் நேரே நான்காம் வயிற்றுக்குக் கொண்டுசேர்க்கும். ஊற்றிய பால் முதல் வயிற்றில் தேங்கிப் புளிக்கலாம். திமிறும்போது புரையேறினால் நுரையீரலுக்குள்ளும் போய்விடும்.

கன்றின் பின்புறத்தைக் கொட்டகையின் மூலையில் அணைத்து நிறுத்தி, கழுத்தை உன் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பாலில் நனைத்த விரலை முதலில் சப்பக் கொடு. அது சப்பத் தொடங்கியதும் விரலை உருவிக்கொண்டு ரப்பர் காம்பை நுழைத்துவிடு. தாயின் மடி இருக்கும் உயரத்திலேயே புட்டி இருக்கட்டும். பால் ஆறிப்போயிருந்தால் எந்த வித்தையும் பலிக்காது. கன்றின் உடல் சூடான 39 டிகிரி அளவுக்காவது இருக்க வேண்டும். சீக்கிரம் குடிக்கட்டும் என்று காம்பின் துளையைப் பெரிதாக்கிவிடாதே. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் என்பது ஒரு நாள் முழுவதற்குமான கணக்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டரை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் போதும். கழிச்சல் கண்டால் பாலை நிறுத்தாமல் இடையிடையே உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுத்துவிட்டு, 1962க்கு அழைத்துக் கால்நடை மருத்துவரை வரச்சொல்.

குடிக்கப் பழகியபின் வேறொரு தொல்லை தொடங்கும். மடியை முட்டிப் பாலை இறங்கச் செய்வது கன்றின் இயல்பு என்பதால் புட்டியையும் உன் முழங்காலையும் அது முட்டத்தான் செய்யும், அதற்காக அடிக்காதே. ஆனால் உன் பிள்ளைகள் உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளி விளையாடுவதை (அவர்கள் செய்யாமல் இருக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும்) இன்றே நிறுத்திவிடு. தனியாக மனிதர் கையிலேயே வளரும் காளைக்கன்று மனிதரையும் தன் இனமாகவே எண்ணிக்கொள்ளும். இப்போது செல்லமாக முட்டுவது, இரண்டு வயதில் பலம் பார்க்கும் சண்டையாகிவிடும். கைவளர்ப்புக் காளைக்கு ஆளிடம் அச்சம் இருப்பதில்லை. அதனால்தான் அது மந்தையில் வளர்ந்த காளையைவிட ஆபத்தானது. தடவிக் கொடுக்க ஆசைப்பட்டால் தாடைக்கடியிலும் கழுத்திலும் தடவட்டும், நெற்றியைத் தொட வேண்டாம். பக்கத்து வீட்டுக் கன்றோடு பகலில் சேர்த்துக் கட்டினால் முட்டுகிற ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளும், தீவனம் தின்னவும் அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும்.

இரண்டாம் வாரத்திலிருந்து கன்றுத் தீவனத்தை ஒரு பிடி வாயில் தடவிக் காட்டு. நாளொன்றுக்கு முக்கால் கிலோவாவது தானாகத் தின்னும்வரை, எவ்வளவு முரண்டு பிடித்தாலும், புட்டியை நிறுத்தாதே.

அன்புடன்,
பாகூரிலிருந்து உன் அக்கா