பொங்கல் விடுமுறை காரையாறு பயணம்: எல்லோரும் படிக்கவும்

அண்ணன்மார், அக்காமார், தம்பிகளுக்கு வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டம் பாபநாசத்துக்கு மேலே உள்ள காரையாறு அணைக்கரையில் கூடாரம் போடலாமா என்று பலர் கேட்டீர்கள். கூடாது. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். இருட்டினால் தண்ணீர் குடிக்க யானை வரும் கரை அது. அதனால் பகலில் அணை, இரவில் விக்கிரமசிங்கபுரத்துத் தோப்பில் கூடாரம். தோப்புக்காரரிடம் பேசியாயிற்று.

காணும் பொங்கலன்று பாபநாசம் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. சொந்த வண்டியில் வருகிறவர்கள் விடியுமுன் அம்பாசமுத்திரத்தைத் தாண்டிவிடுங்கள். சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக், மது எதுவும் வேண்டாம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். புளியோதரையை வாழையிலையில் கட்டிக்கொள்ளுங்கள், பொட்டலம் அவிழ்க்கும்போது வரும் மணமே தனி.

மழைக்காலம் முடிந்த ஈரத்தில் அட்டை இருக்கும். கடித்தால் பிய்க்காதீர்கள், உப்பு வையுங்கள், தானே விழுந்துவிடும்.

அணை 143 அடி. நிறைந்திருக்கும்போது கரையோரமே ஆழம். நீச்சல் தெரிந்தவர்களும் இறங்கக் கூடாது, இதில் சமரசமே கிடையாது. பிள்ளைகள் கை பெரியவர் கையில் இருக்கட்டும்.

அப்புறம், காட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது, வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். வருகிறவர்கள் போகிக்குள் பெயர் கொடுங்கள்.