கல்லடியில் கடை போடப் போகும் தங்கச்சிக்கு

விற்ஸ்டபிள், இங்கிலாந்து

அன்புள்ள தங்கச்சி,

நீயும் மச்சானும் மட்டக்களப்பில், கல்லடியில் கடை எடுக்கிற யோசனையில் இருக்கிறீங்கள் என்று அம்மா சொன்னா. இங்க பரிசுச் சாமானும் வீட்டுச் சாமானும் விற்கிற சின்னக் கடைகள் எப்படி ஓடுது என்று கேட்டிருந்தாய். ஆறுதலா இருந்து வாசி. மச்சானுக்கும் வாசிச்சுக் காட்டு.

இந்த ஊர் லண்டனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலம். சிப்பிக்குப் பேர்போன இடம். கரையில் எங்கட மாதிரி மணல் இல்லை, முழுக்கக் கூழாங்கல். ஈஸ்டரிலிருந்து ஓகஸ்ட் முடியச் சனம் வரும், பிறகு நத்தாருக்கு முந்தின ஆறேழு கிழமை. ஜனவரி முதல் மார்ச் வரை தெருவில் காற்று மட்டும்தான். ஆனால் வாடகை சனத்தைப் பார்த்து வராது. இங்க பழைய முறைப்படி மார்ச் 25, ஜூன் 24, செப்டெம்பர் 29, டிசெம்பர் 25 என்று நாலு தவணையில் கட்டுவார்கள். நத்தாரன்றே ஒரு தவணை. ஓகஸ்ட் வியாபாரக் காசை வேறு கணக்கில் போட்டு வைக்காதவர் மார்ச்சில் முழி பிதுங்குவார். உங்களுக்கும் மாரி மழை நவம்பரில் தொடங்கினால் தை மாதம் வரை கடற்கரைப் பக்கம் ஆள் வராது. வாடகை பேசும்போதே அந்த மூன்று மாதக் காசை ஒதுக்கிவிட்டுப் பேசு.

எல்லாரும் வாடகைக்குத்தான் பயப்படுகிறார்கள். கடையைச் சாய்க்கிறது றாக்கையில் விற்காமல் கிடக்கிற சாமான். அதுதான் நான் உனக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம்.

விலைக்கணக்கை முதலில் பார். இங்க வற் வரி 20 வீதம், வருஷ விற்பனை 90,000 பவுணைத் தாண்டினால் பதிந்தே ஆக வேணும். பதிந்த கடை வரி சேராமல் 5 பவுணுக்கு வாங்கின கோப்பையை 12 பவுணுக்கு விற்கும். கொள்விலையை 2.4 ஆல் பெருக்கிறது வழக்கம். 12 இல் 2 பவுண் வரி, 5 பவுண் கொள்விலை, மிச்சம் 5. வாடகை, கரண்ட், சம்பளம், காட் மெஷின் தரகு, உடைவு, களவு எல்லாம் அந்த 5 பவுணுக்குள்தான். அதையே மலிவு விற்பனையில் 10 பவுணுக்குக் கொடுத்தால் மிச்சம் 3 பவுண் 33 பென்ஸ். விலையில் ஆறில் ஒன்றைக் குறைச்சால் லாபத்தில் மூன்றில் ஒன்று போகுது. எங்கட ஊரில் பேரம் பேசுவார்கள், அதனால் ஆகக் கடைசி விலையை முதலே எழுதி லாச்சிக்குள் வை. வாய்க்கு வந்தபடி குறைக்காதே.

வாங்கும்போது கொஞ்சமாக வாங்கு. இங்க பெப்ரவரியில் பேர்மிங்காமில் பெரிய மொத்த வியாபாரக் கண்காட்சி நடக்கும், நத்தார்ச் சாமானுக்கு அப்போதே ஓடர் எடுப்பார்கள். எல்லாம் வடிவாகத்தான் தெரியும். அங்கேயே கையெழுத்துப் போடாமல், விலைப்பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவந்து கணக்குப் பார்க்கிறவர் தப்புவார். கேட்க வேண்டிய கேள்விகள்: ஆகக் குறைந்த ஓடர் எவ்வளவு, எவ்வளவுக்கு மேல் வாங்கினால் அனுப்பு கூலி இல்லை, உடைந்து வந்தால் எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேணும், இதே ஊரில் வேறு கடைக்கும் கொடுக்கிறாரா. கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேள். பக்கத்துக் கடையிலும் அதே கோப்பை இருந்தால் இரண்டு பேரும் விலையைக் குறைச்சுக் குறைச்சே முடிவீர்கள். பெட்டி வந்த அன்றே பிரிச்சுப் பார்த்து, உடைந்ததைப் பெட்டியோடு படம் எடுத்து அனுப்ப வேணும். ஒரு கிழமை கழித்துச் சொன்னால் ஒருவரும் காசு தர மாட்டார்கள்.

இனி விலைத் துண்டு. நூலில் கட்டின சின்ன அட்டை, முன்பக்கம் விலை. பின்பக்க மூலையில் பென்சிலால் சாமான் வந்த மாதமும் வருஷமும்: மார்ச் 2026 என்றால் 0326. ஒவ்வொரு மாதமும் றாக்கை துடைக்கும்போது அந்த இலக்கத்தைப் பார். மூன்று மாதம் தாண்டினதை வாசலுக்குக் கிட்ட இடம் மாற்று. ஆறு மாதம் தாண்டினதை 30 வீதம் குறைத்துத் தள்ளு, அந்தக் காசில் ஓடுகிற சாமானை எடு. இது பேரக் குறைப்பு இல்லை, கிடக்கிற காசை மீட்கிறது. இதைச் செய்ய மனம் வராதுதான், நீயே ஆசைப்பட்டு வாங்கினது. ஆனாலும் செய். மட்பாண்டத்திலும் கண்ணாடியிலும் ஒட்டுத் துண்டு ஒட்டாதே, பசை இழுபடும். விலை போடாத சாமானை வெள்ளைக்காரர் எடுத்துக் கேட்கவே மாட்டார்கள், வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கடற்கரைக் கடைக்கு வெயிலும் உப்பும் இரண்டு எதிரி. யன்னலில் வைத்த வாழ்த்து மடலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து நீலம் மட்டும் நிற்கும். அதனால் யன்னலுக்கு வைக்கிறது ஒரு மாதிரி மட்டும், விற்கிறது உள்ளே. ஒல்லியான நீட்டு மெழுகுதிரி இங்கத்தைய வெயிலுக்கே வளையும், மட்டக்களப்பு வெக்கைக்குச் சொல்லவே வேண்டாம். கண்ணாடிக் குவளையில் ஊற்றினதை மட்டும் எடு. முலாம் பூசின நகை உப்புக்காற்றில் கறுக்கும், ஒவ்வொன்றையும் மூடுகிற பையில் போட்டு, ஒன்றை மட்டும் வெளியில் தொங்கவிடு. கொளுக்கிக்கு இரும்பு வேண்டாம், துருப்பிடிக்காத உருக்கு வாங்கு. பன்பாய், பனையோலைச் சாமானை மழை தொடங்க முதல் நல்லாக் காயவைத்து, காற்றுப் படும்படி அடுக்கு. பொலித்தீனில் சுற்றினால் ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும். கீழ்த்தட்டு நிலத்திலிருந்து ஒரு அடியாவது உயர வேணும், வெள்ளம் உனக்குத் தெரியாததில்லை.

இங்க நல்லா விற்கிறது இந்த ஊரின் பேர் சொல்லுகிற சாமான்: சிப்பி வரைந்த குசினித் துவாய், கரையோரக் கொட்டில் வரைந்த கோப்பை. எங்களிட்ட என்ன இல்லை? பாடும் மீன், 1924 இல் கட்டின கல்லடிப் பாலம், முகத்துவாரம் வெளிச்சவீடு, ஒல்லாந்தர் கோட்டை. எங்கட பிள்ளைகளில் நல்லாக் கீறுகிற ஒருவரைப் பிடித்துக் கீறவை. விற்றபின் காசு என்ற முறையில், 60 வீதம் அவருக்கு, 40 வீதம் கடைக்கு என்று எழுத்தில் போடு, உடைந்தால் யார் பொறுப்பு என்றும் எழுது. மருதமுனைக் கைத்தறியை மேசை விரிப்பாக, தலையணை உறையாக வெட்டித் தைக்கக் கொடு. ஜூலை, ஓகஸ்டில் மாமாங்கத் தீர்த்தத்துக்கும் லீவுக்கும் வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கட ஆட்களுக்குப் பெட்டியில் கிலோ கணக்கு இருக்கு. தட்டையா, பாரமில்லாமல், உடையாமல் இருக்கிறதைத்தான் வாங்குவார்கள். மண்சட்டி வடிவுதான், ஆனால் கட்டுநாயக்கா வரைக்கும் போகாது.

இங்க அனுப்பி விற்கிற எண்ணம் இருந்தால், துணியில் என்ன நூல் எத்தனை வீதம் என்று துண்டு தைத்திருக்க வேணும். சவர்க்காரத்துக்குப் பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கை, விளையாட்டுச் சாமானுக்குத் தரக்குறி கேட்பார்கள். அதனால் முதலில் துணியோடு நில்.

கடை வாசல் எந்தத் திசை பார்க்குது, யன்னல் எத்தனை அடி, முற்பணம் எத்தனை மாதத்துக்கு என்று எழுதி அனுப்பு. அதைப் பார்த்து முதல் கொள்வனவுக்கு ஒரு பட்டியல் போட்டு அனுப்புறன். அதுவரைக்கும் ஒருவருக்கும் முற்பணம் கொடுக்க வேண்டாம் என்று மச்சானிட்டச் சொல்லு. அம்மாவுக்கு மருந்துக் காசு தனியாப் போட்டிருக்கிறன்.

அன்புடன்,
அண்ணா