'சில வீரர்கள்' அல்ல, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இலங்கை ஒப்பந்தம் பற்றிய கட்டுரையில், 'சில வீரர்களை இழந்தபின் அமைதிப்படை திரும்பியது' என்று ஒரு வரி. அந்தச் 'சில'வைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. இந்தியா இலங்கைக்கு அனுப்பிய அந்தப் படையில், 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை அங்கே செத்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். விடுதலைப் புலிகளின் தலைவர்களைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கியப் படைப்பிரிவின் 30 பேரில், மறுநாள் பொழுது சாய்வதற்குள் 29 பேர் போய்விட்டார்கள். உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்த 1,200 பேரில் என் அண்ணனும் ஒருவர். முதலில் தந்தி வந்தது. உடல் வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்களாம். ஒரு மாதம் கழித்துக் கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது, மேலே வெள்ளைப் பெயின்டில் அவர் நம்பரும் பெயரும். சாவி இல்லை. பூட்டை நான்தான் கல்லால் உடைத்தேன். மடித்த துணிகளுக்கு நடுவே பாதி தேய்ந்த லைஃப்பாய் சோப்பு, அவர் விரல் அழுந்திய பள்ளத்தோடு. அம்மா அதை யாரையும் தொடவிடவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிலேயே ஒருவர், "தமிழனைச் சுடப் போனவன்தானே" என்றார். அம்மா காதில் விழுந்தது. அந்தப் படையால் ஈழத்தமிழர் பட்டதை நான் மறுக்கவில்லை. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளும் டாக்டர்களும் சுடப்பட்டதைப் படித்துவிட்டு நாள்கணக்கில் தூங்காதவன் நான். ஆனால் அண்ணன் தானாகப் போகவில்லை. போ என்றார்கள், போனார். அனுப்பியவர்களிடம் கேட்க வேண்டியதை, பெட்டியாகத் திரும்பியவனின் தாயிடம் கேட்டார்கள்.

படை சென்னைக்குத் திரும்பியபோது முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அது அரசியல், விடுங்கள். மக்கள்? மார்பில் குண்டு பாய்ந்த பின்பும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டு, 1987 நவம்பர் 25 அன்று உயிர்விட்டவர் மேஜர் பரமேஸ்வரன். பரமவீர சக்கரம் பெற்றவர். சென்னை ஆற்காடு சாலையில் ராணுவக் குடியிருப்பே அவர் பெயரில் இருக்கிறது. அருகில் பஸ்ஸுக்கு நின்றவர்களிடம், இவர் யார் தெரியுமா என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

கொழும்பருகே, இலங்கை நாடாளுமன்றத்துக்குப் பக்கத்திலேயே, இவர்கள் பெயரைப் பொறித்த நினைவுச்சின்னம் உண்டு. டெல்லியில் தேசியப் போர் நினைவுச்சின்னம் திறக்க 2019 வரை ஆயிற்று. அம்மா அதற்கு ஆறு வருஷம் முன்பே போய்விட்டாள்.

அடுத்த இதழில் 'சில' என்பதை எடுத்துவிட்டு, எண்ணிக்கையைப் போட்டுத் திருத்தம் வெளியிடுங்கள். ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
வேலூர் மாவட்டம்.