சோலிலிருந்து மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாக இருக்கிறாயா, அங்கே ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம், நீ எந்தப் பக்கம் என்று போனில் நீங்கள் கேட்கிற கேள்விகளுக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்லவே முடிவதில்லை. நான் ஆரம்பிப்பதற்குள் நீங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள், அப்புறம் அத்தை போனை வாங்கிக்கொள்வார். அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த செமஸ்டருக்கு இங்கே வரப்போகிற ஜூனியர்களின் வீடுகளிலும் இதே கேள்விகள்தான் ஓடுகின்றனவாம். அதனால் பொதுவிலேயே போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் தென்கொரியத் தலைநகர் சோலில் இறங்கியது 2025 பிப்ரவரி கடைசி வாரம். அதே வாரம், 25ஆம் தேதி, அரசியலமைப்பு நீதிமன்றத்தில் அதிபர் யூன் சுக் யோலின் பதவிநீக்க வழக்கில் வாதங்கள் முடிந்திருந்தன. 2024 டிசம்பர் 3 இரவு அவர் ராணுவச் சட்டத்தை அறிவித்தது, சில மணி நேரத்தில் நாடாளுமன்றத்தில் 190 உறுப்பினர்கள் கூடி அதைத் திரும்பப் பெறச் சொல்லி வாக்களித்தது, 14ஆம் தேதி பதவிநீக்கத் தீர்மானம் 204 வாக்குகளில் நிறைவேறியது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தூங்காமல் டிவி பார்த்தவர் நீங்கள்தானே. எனக்கு இங்கே வந்துதான் புரிந்தது: தீர்மானம் நிறைவேறினால் மட்டும் அதிபர் பதவி போய்விடாது. நீதிமன்றம் சொல்ல வேண்டும், குறைந்தது ஆறு நீதிபதிகள் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது இருந்ததே எட்டுப் பேர்தான். தீர்ப்பு இன்று வரும், நாளை வரும், ஐந்துக்கு மூன்று என்று வரும் என மார்ச் முழுக்க வதந்திதான். என் முதல் வாரங்கள் எல்லாம் இந்தக் காத்திருப்பிலேயே கழிந்தன.

முதலில் நீங்கள் பயப்படுகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பத்திரமாகத்தான் இருக்கிறேன். டிவியில் நீங்கள் பார்க்கிற கூட்டங்கள் நகர நடுவில் குவாங்வாமுன், அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் அங்குக், நாடாளுமன்றம் இருக்கிற யோயிடோ என்று குறிப்பிட்ட சில இடங்களில்தான் நடக்கின்றன. அங்கிருந்து மெட்ரோவில் நாலு ஸ்டேஷன் தள்ளிப் போனால் ஊர் பாட்டுக்கு ஊர் இருக்கும். அதற்காக எல்லாம் அமைதி என்று பொய் சொல்ல மாட்டேன். ஜனவரி 19 விடியற்காலையில் யூன் ஆதரவாளர்கள் சோல் மேற்கு மாவட்ட நீதிமன்றத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். பிடிபட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள். அது இங்கே எல்லோரையும் கொஞ்சம் உலுக்கிவிட்டது. பல்கலைக்கழக வளாகங்களிலும் பிப்ரவரியில் இரண்டு தரப்பும் எதிரெதிரே நின்று கத்தியிருக்கிறார்கள், வெளியிலிருந்து யூடியூபர்கள் கேமராவோடு வந்து நின்றிருக்கிறார்கள். நான் வந்தபோது சுவரில் போஸ்டர் கிழித்த தடம்தான் மிச்சம்.

மார்ச் 1 இங்கே விடுமுறை. 1919இல் ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த நாள். குவாங்வாமுன்னில் பூமிக்கடியில் ஒரு பெரிய புத்தகக் கடை இருக்கிறது, அதைப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். மெட்ரோவிலேயே தெரிந்துவிட்டது. பெட்டி முழுக்கப் பெரியவர்கள், ஆளுக்கொரு தேசியக் கொடி, பலர் கையில் கூடவே அமெரிக்கக் கொடி. படியேறி மேலே வந்தால் ஒலிபெருக்கிச் சத்தம் நெஞ்சில் அதிர்கிறது. 'ஸ்டாப் தி ஸ்டீல்' என்று ஆங்கிலத்திலேயே அட்டைகள். 'திருட்டை நிறுத்து' என்று அர்த்தம். யூனை ஆதரிக்கிற கூட்டம் அது; தேர்தலில் மோசடி நடந்தது என்பது அவர்கள் வாதம். மடக்கு நாற்காலி, பிளாஸ்க், கம்பளி எல்லாம் கொண்டுவந்து பகல் முழுக்க உட்காரத் தயாராக வந்திருந்தார்கள். ஒரு பாட்டி என் கை சில்லிட்டிருப்பதைப் பார்த்து, பையிலிருந்து கை சூடேற்றும் பாக்கெட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அடுத்ததாக ஒரு கொடியையும் நீட்டினார். பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, கொடிக்கு மட்டும் குனிந்து வணங்கி மறுத்துவிட்டேன். பயத்தில் அல்ல. இந்த நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வெளிநாட்டவர் அரசியல் நடவடிக்கையில் ஈடுபடக் கூடாது என்று இருக்கிறது. ஓரியன்டேஷனில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கொடி பிடித்து ஒரு போட்டோ வந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது, சோதித்துப் பார்க்க எனக்கும் ஆசையில்லை.

அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால் அங்குக். நடுவில் போலீஸ் பேருந்துகளை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்திச் சுவர் மாதிரி ஆக்கியிருந்தார்கள். ஒரு ஆள் நுழைய இடம் கிடையாது, சுற்றித்தான் போக வேண்டும். அந்தப் பக்கம் இன்னொரு ஊர். பெரும்பாலும் என் வயதுப் பெண்கள். கச்சேரிக்குக் கொண்டுபோகும் ஒளிரும் கைவிளக்குகள், ஒவ்வொரு கே-பாப் பாட்டுக் குழுவின் ரசிகைக்கும் ஒவ்வொரு வடிவம், ஒவ்வொரு நிறம். அந்தக் குழுக்களின் பாட்டைப் போட்டுவிட்டு இடையில் "பதவியிலிருந்து நீக்கு" என்று தாளத்தோடு கோஷம். குளிர்காலம் முழுக்க வீட்டிலிருந்தே யாரோ பக்கத்துக் காபிக் கடைகளுக்கு முன்பணம் கட்டி, கூட்டத்துக்கு வருகிறவர்கள் சும்மா குடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்களாம்.

இதெல்லாம் டிவியில் வருவதுதான். டிவியில் வராதது எங்கள் விடுதி அறையில் இருக்கிறது.

என் அறைத்தோழி தேகுவைச் சேர்ந்தவள். யூனின் பழமைவாதக் கட்சியின் கோட்டை அது. அவளுடைய அப்பா தினமும் குடும்ப சாட் குழுவில் யூடியூப் வீடியோ அனுப்புவார். அவள் எதையும் திறப்பதில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே சிரிக்கிற கரடி ஸ்டிக்கர் ஒன்றைத் தவறாமல் போடுவாள். பார்த்தாயா என்று அவர் கேட்காமலிருக்க, பார்க்கவில்லை என்று இவள் சொல்லாமலிருக்க அந்தக் கரடி. அண்ணன் ஒன்றரை வருட ராணுவச் சேவை முடித்து வந்திருக்கிறான். அவனும் அப்பா கட்சிதான், ஆனால் காரணம் முற்றிலும் வேறு. அப்பாவுக்கு வடகொரியாவும் கம்யூனிசமும் கவலை. அண்ணனுக்கு, தன் வயதுப் பெண்கள் இரண்டு வருடம் முந்திக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள், ராணுவத்தில் கழித்த காலத்துக்கு யாரும் மதிப்புத் தருவதில்லை என்ற கோபம். இவளோ டிசம்பரில் அவர்களுக்குத் தெரியாமல் கைவிளக்கோடு யோயிடோ போனவள். எந்த ஊர், எந்தக் கட்சி என்று வரைபடத்தில் கோடு போடுவது சுலபம் மாமா. இங்கே அந்தக் கோடு ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையின் நடுவே போகிறது.

இன்னொருவர், எனக்கு உதவ பல்கலைக்கழகம் ஒதுக்கிய சீனியர். குவாங்ஜுக்காரர். 1980 மே மாதம் ஜனநாயகம் கேட்டுப் போராடியவர்களை ராணுவம் சுட்டது அந்த ஊரில்தான். டிசம்பர் இரவு செய்தி வந்தவுடன் அவருடைய அம்மா போன் செய்து, "கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உள்ளேயே இரு" என்று அழுதாராம். ராணுவச் சட்டம் நாற்பது வருடத்துக்கு மேல் அறிவிக்கப்படாத ஒன்று. ஆனால் அந்த வீட்டில் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்டபின் 'ஆறு மணி நேரத்தில் முடிந்துவிட்டதே, அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்' என்று நீங்கள் கேட்டதற்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், இந்த இருவரும் நானும் வாரத்தில் பல நாள் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். தேர்வு, பகுதிநேர வேலை, டயட் எல்லாம் பேசுவார்கள். அந்த ஒரு விஷயத்தை மட்டும் தொட மாட்டார்கள். இருவரும் ஒரே பக்கம்தான் என்பது எனக்குத் தெரியும்; அவர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவர் தெரியாது. தேகு என்றால் இப்படித்தான் என்று இவர் நினைக்கிறார், குவாங்ஜுக்காரரிடம் என் அப்பாவைப் பற்றி எப்படிச் சொல்வது என்று அவள் நினைக்கிறாள். பாகப்பிரிவினை வழக்கு நடக்கிற வீட்டில் எல்லோரும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுவார்கள் இல்லையா, அப்படி. ஆனால் தனியே இருக்கும்போது என்னிடம் கொட்டித் தீர்த்துவிடுவார்கள். மொழி வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும், ராணுவம் முடித்துத் திரும்பிய ஒரு மாணவர்கூட, "வெளியாள்தானே" என்று சொல்லிவிட்டு யூன் செய்தது ஏன் சரி என்று அரைமணி நேரம் விளக்கினார். எனக்கு ஒப்புதல் இல்லை. நாடாளுமன்றத்துக்குள் படையை அனுப்பியதற்கு எந்த விளக்கமும் போதாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் சொன்னதில் ராணுவத்தில் கழிந்த இரண்டு குளிர்காலங்களைப் பற்றிய பகுதியை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

நீ எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறீர்கள். என் கருத்தை மேலேயே சொல்லிவிட்டேன். ஆனால் இங்கே என் வேலை அது இல்லை. ஓட்டுமில்லை, கொடியுமில்லை. அதனாலேயே எல்லோரும் என்னிடம் பேசுகிறார்கள். இவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டதைவிட நான் அதிகம் கேட்டிருக்கிறேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, செமஸ்டர் முடிந்ததும் விமானம் ஏறிவிடப்போகிறவளுக்குக் கேட்பது சுலபம்தான். இங்கேயே இருக்கப்போகிறவர்களுக்கு அந்தக் கரடி ஸ்டிக்கர் தேவைப்படுகிறது.

ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை. முந்தின நாளே அங்குக் ஸ்டேஷனில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள், பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை, கியொங்பொக்குங் அரண்மனை மூடல். யோயிடோவில் செர்ரிப் பூத் திருவிழாவைக்கூட 8ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள் (பூ தள்ளிப் பூக்குமா என்று அறைத்தோழி திட்டிக்கொண்டிருந்தாள்). பதினொரு மணிக்கு மாணவர் உணவகத்தில் டிவிக்கு முன் நின்றோம். பொறுப்புத் தலைமை நீதிபதி மூன் ஹியுங் பே ஒவ்வொரு குற்றச்சாட்டாக வாசித்துக்கொண்டே போனார். எனக்குக் கொரிய மொழி பாதிகூடப் புரியவில்லை, அதனால் முகங்களைத்தான் பார்த்தேன். சமையல்காரம்மா கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். 11.22க்குப் பதவிநீக்கம் என்றார் நீதிபதி, எட்டுப் பேரும் ஒருமனதாக. சிலர் கத்தினார்கள், சிலர் அழுதார்கள். ஓரத்து மேசையில் இருந்த இரண்டு பையன்கள் தலை நிமிராமல் சூப்பைக் குடித்து முடித்து, தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியேறினார்கள். யாரும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. அன்று அதிகம் பிடித்தது அதுதான், அதிகம் உறுத்தியதும் அதுதான்.

அறைத்தோழியின் அப்பா அதற்கப்புறம் சில நாட்கள் குழுவில் எதுவும் அனுப்பவில்லை. அவள் அடிக்கடி போனைத் திறந்து திறந்து பார்த்தாள். திரும்ப வீடியோ வந்த அன்று, இவ்வளவு நாள் திறக்காதவள், திறந்து முழுதாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு "குப்பை" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல ஸ்டிக்கர் போட்டாள்.

2025 ஜூன் 3 அன்று புதிய அதிபருக்கான தேர்தல். 2022 அதிபர் தேர்தலில் யூனுக்கும் ஜனநாயகக் கட்சியின் லீ ஜே மியுங்குக்கும் இடையே வெறும் 0.73 சதவீதப் புள்ளிதான் வித்தியாசம். இந்த முறையும் லீ நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார். முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களில் எந்த ஊரிலிருந்தும் ஓட்டுப் போடலாம், ஆனால் அறைத்தோழி அன்றைக்குத் தேகுவுக்குப் போய்த்தான் போடுவேன் என்கிறாள். என்னையும் கூப்பிட்டிருக்கிறாள், விருந்தாளி இருந்தால் அப்பாவும் அண்ணனும் குரலை உயர்த்த மாட்டார்களாம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உங்களைப் போலவே ஒருவரிடம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அரசியல் கேட்கப் போகிறேன், அதுவும் கொரிய மொழியில். இதற்கு மேல் மொழிப் பயிற்சி வேறெங்கே கிடைக்கும்?

அத்தையிடம் சொல்லுங்கள், குளிர் குறைந்துவிட்டது.

அன்புடன்,
உங்கள் மருமகள்