கோழிக் குடலும் தெரு நாய்களும்

மஞ்சக்குப்பம் தெருக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் குடலையும் தோலையும் பச்சையாகவே தெரு நாய்களுக்குப் போடுகிறோம். நானும் போட்டவன்தான். இனி வேண்டாம். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் பாக்டீரியாக்கள் இருக்கலாம். அவை இருந்தும் கோழி நன்றாகவே மேயும். தின்ற நாயும் பல சமயம் வாலாட்டிக்கொண்டு திரியும். ஆனால் அதன் மலத்தில் கிருமி வெளியேறும். நாயோடு விளையாடிய கையோடு பிள்ளைகள் முறுக்கு தின்றால் போதும். சால்மோனெல்லா என்றால் 6 மணி நேரம் முதல் 6 நாளுக்குள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரலாம்.

போட்டே ஆகவேண்டும் என்றால் வேகவைத்து, ஆறவைத்துப் போடுங்கள். மஞ்சள் தூவினால் போதாது, உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். வெந்த எலும்பு மட்டும் வேண்டாம், கூராக உடைந்து தொண்டையில் குத்தும்.

அப்புறம், கறியைக் குழாயடியில் கழுவுவது. போன வாரம் எங்கள் வீட்டில் கழுவியபோது, ஓரத்தில் நறுக்கி வைத்திருந்த வெள்ளரிக்காய்மேல் இளஞ்சிவப்பாகச் சில துளிகள். அந்தத் தட்டை அப்படியே கொட்டிவிட்டோம். வேகவைக்கப் போகும் கறியைக் கழுவாவிட்டால் ஒன்றும் ஆகாது. கழுவியே பழகிவிட்டோம், அவ்வளவுதான்!

யாருக்காவது வயிற்றுப்போக்கில் ரத்தம் தெரிந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.