மலாவி நாட்டின் பிளாண்டையரில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம் நல்லபடியாக முடிந்தது. மற்றச் செய்திகளை அப்பா எழுதுவார்.

மலாவிக்குப் போன புதிதில் நீ எழுதிய நீண்ட மடலை இன்னும் எடுத்துப் படிக்கிறேன். இரவில் வார்டு முழுவதற்கும் இரண்டே செவிலியர்கள், கட்டில் கிடைக்காமல் தரையில் சிதென்ஜே துணியை விரித்துப் படுத்திருக்கும் கர்ப்பிணிகள், வெளியே அடுப்பு மூட்டி அவர்களுக்குச் சமைக்கும் உறவுக்காரப் பெண்கள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் உதிரம் நிற்காத ஒரு பெண்ணுக்கு, மூத்த செவிலியர் ஆக்சிடோசினும் டிரானெக்சாமிக் அமிலமும் செலுத்தி முடிக்கும்வரை நீ கர்ப்பப்பையைத் தேய்த்துக்கொண்டே இருந்ததையும், தளர்ந்து கிடந்த அது உன் உள்ளங்கைக்குக் கீழே பந்துபோல் இறுகியதையும் படித்தபோது, காலமெல்லாம் பிரசவ அறையிலேயே நின்றவளான எனக்கே கண் கலங்கிவிட்டது. அப்பாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

அதன்பிறகு உன்னிடமிருந்து மடலே இல்லை. தொலைபேசியிலும் "வேலை அதிகம் அம்மா" என்பதோடு வைத்துவிடுகிறாய். பெற்றவளுக்கு அது போதுமா?

கையுறை போதுமான அளவு கிடைக்கிறதா? தையல் போடும்போது ஊசியை விரலால் பிடிக்காதே, இடுக்கியால் பிடி. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போட முயலாதே, நேராக ஊசிப்பெட்டியில் போடு. தூக்கம் கண்ணைச் சுழற்றும் அதிகாலை வேளையில்தான் கை தவறும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். சொன்னதையே சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

ஏதோ மாத்திரை போடுவதால் குமட்டுகிறது என்று தம்பியிடம் சொன்னாயாம். மலேரியாவுக்காக இருக்கும் என்கிறான். இருக்கலாம். ஆனால் அந்த மாத்திரையை நீ இங்கிலாந்திலிருந்து புறப்படும் முன்பே தொடங்கிவிட்டாய். அப்போது உனக்குக் குமட்டவில்லை.

பொதுவாகத்தான் சொல்கிறேன். ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும், உடனே மேலே இருப்பவர்களிடம் சொல்ல வேண்டும், 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்திலேயே, எச்ஐவி தடுப்பு மாத்திரையைத் தொடங்கி 28 நாளும் விடாமல் போட வேண்டும். எச்ஐவி உள்ளவருக்குப் போட்ட ஊசியே குத்தினாலும், மாத்திரை எதுவும் போடாத நிலையில்கூட, தொற்றுவது ஆயிரத்தில் மூவருக்குத்தான். தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் வாழ்நாள் முழுவதும் சிகிச்சை தரும் முறையை 2011-இல் உலகிலேயே முதலில் தொடங்கிய நாடும் மலாவிதான். ஒழுங்காக மருந்து உட்கொள்ளும் தாயின் ரத்தத்தில் கிருமி மிகவும் அடங்கியிருக்கும். உனக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. இரவில் எனக்கு நானே சொல்லிக்கொள்வதை உனக்கும் எழுதுகிறேன்.

அங்கே பயிற்சி பெற்ற செவிலியர் பலர் நீ படிக்கும் பிரிட்டனில்தான் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் இல்லாத வார்டில் என் மகள் நிற்கிறாள் என்பதில் எனக்குள்ள பெருமையைச் சொல்லி முடியாது. ஆனாலும் நீ இன்னும் மாணவி. ஆள் இல்லை என்பதற்காக, கற்றுத் தராத வேலையைத் தனியாகச் செய்யாதே. காத்திருக்க வைத்தாலும் பரவாயில்லை, மூத்தவரைக் கூப்பிடு. முடியாது என்று சொல்ல உனக்குச் சிறு வயதிலிருந்தே வராது, அதுதான் என் கவலை.

மாத்திரை எதுவானாலும் சாப்பிட்ட பிறகு போடு. குமட்டல் தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி அதற்கும் மருந்து வாங்கிக்கொள். நீயாக ஒரு வேளைகூட நிறுத்தாதே. மறு ரத்தப் பரிசோதனை எந்தத் தேதி என்பதை மட்டும் எழுது. எப்படி நடந்தது என்று கேட்க மாட்டேன், அப்பாவிடமும் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அம்மா